அப்பா பெயரில் ஒரு ஃபோல்டர்

2000-ஆம் ஆண்டு மலேசியாவில் ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்துக் கணினி வாங்கலாம் என்று ஒரு திட்டம் வந்தது. கணினி வாங்காமலே ரசீது காட்டிப் பணம் எடுத்தவர்கள் பெருகிவிட்டதால் அது நெடுநாள் ஓடவில்லை. ஆனாலும் அந்தக் கொஞ்ச காலத்துக்குள் தோட்டத்தை விட்டு வெளியே வந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் வீட்டுக்கூடத்தில் ஒரு கணினி வந்து உட்கார்ந்தது. சுங்கை பாக்காப்பில் எங்கள் தாமான் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தது. சாமி மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில் ஒரு மேசை போட்டு, அம்மா தைத்த உறையைப் போர்த்தி வைத்தோம். வீட்டில் ஐந்து பேர். கணினி ஒன்று.

விண்டோஸ் 98 ஓடிய அந்தக் கணினியில் பூட்டு என்பதே கிடையாது. தொடங்கும்போது பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் ஒரு சின்னப் பெட்டி வரும். எஸ்கேப் பொத்தானை அழுத்தினால் போய்விடும், கணினி திறந்துகொள்ளும். அந்தக் காலத்து ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பில், ஒரு கோப்பு இன்னாருடையது என்று எழுதி வைக்க இடமே இல்லை. கோப்பின் பெயர், அளவு, தேதி இருக்கும். உரிமையாளர் யார் என்பது இருக்காது. அக்காவின் வேலை விண்ணப்பக் கடிதம், தம்பியின் கார் பந்தய விளையாட்டு, என் பள்ளிக் கட்டுரை, அம்மா சொல்லச் சொல்ல அக்கா தட்டி வைத்த கோயில் உபயக் கணக்கு, எல்லாம் ஒரே ஃபோல்டரில் கிடந்தன. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். யார் வேண்டுமானாலும் அழிக்கலாம்.

அவற்றில் மிக முக்கியமானது அப்பாவின் பட்டியல்.

அப்பா பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். செபராங் பிறை தெற்கு முழுக்க ஒரு காலத்தில் கரும்பு, பிறகு ரப்பர், பிறகு செம்பனை என்று நிலம் பயிர் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் பல இடங்களில் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போய்விட்டது. அப்பா வேலை செய்த தோட்டத்திலும் லயங்கள் காலியாயின. குடும்பங்கள் ஜாவிக்கும் வால்டோருக்கும் நிபோங் திபாலுக்கும் பட்டர்வொர்த்துக்கும் சிதறிப்போயின. ஆள் வருகைப் பதிவேடான செக்ரோலை எழுதிப் பழகிய கை அல்லவா? எந்த லயத்தில், எந்தக் கதவில், எந்தக் குடும்பம் இருந்தது, யார் பால்மரம் வெட்டினார், யார் புல் வெட்டினார், பிள்ளைகள் எத்தனை பேர், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அப்பா ஒரு பதிவேடு எழுதத் தொடங்கினார். முதலில் நீளமான கணக்குப் புத்தகத்தில் எழுதினார். கணினி வந்ததும் அதில் தட்டச்சு செய்யக் கற்றுக்கொண்டார். நம் மலேசியர் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருள்தான் கருவி. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, இரு விரலால், இரவுச் செய்தி முடிந்த பிறகு உட்கார்ந்து தட்டுவார். ஞாயிற்றுக்கிழமை பசாரில் பழைய தோட்டத்து ஆள் யாரையாவது பார்த்துவிட்டால் அன்று இரவு பட்டியலில் ஒரு வரி கூடும்.

பிறகு விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. 2001 அக்டோபரில் உலகச் சந்தைக்கு வந்த அது எங்கள் வீட்டுக்கு வரக் கொஞ்சம் தாமதமானது. அதனோடு என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பும் வந்தது. அலுவலகக் கணினிகளில் அது 1993-லேயே வந்துவிட்ட சங்கதி, வீடுகளுக்குத்தான் புதிது. இதில் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் அழிக்கலாம் என்ற பட்டியல் ஒன்று அதோடு ஒட்டியிருக்கும். தொடக்கத் திரையில் ஐந்து பெயர்கள், ஐந்து படங்கள். அக்கா பூவை எடுத்தாள், தம்பி கால்பந்தை எடுத்தான், அப்பா சதுரங்கக் காயை எடுத்தார்.

புதிய கணக்குக்குக் கடவுச்சொல் வைத்ததும் எக்ஸ்பி ஒரு கேள்வி கேட்கும்: உங்கள் கோப்புகளை உங்களுக்கு மட்டும் உரியவை ஆக்கட்டுமா? ஆமாம் என்று பொத்தானை அழுத்துவது எளிது. அக்கா அழுத்தினாள். அப்பாவும் அழுத்தினார். அந்த ஒரு சொடுக்கில், அதுவரை ஐந்து பேருக்கும் பொதுவாயிருந்த தோட்டத்துப் பட்டியல், அப்பாவின் ஃபோல்டருக்குள் இருந்ததால், அப்பா ஒருவரின் சொத்தாகிவிட்டது. அன்று அது யார் கண்ணிலும் படவில்லை. அப்பாதான் தினமும் அதைத் திறக்கிறாரே.

தம்பி செய்தது இன்னொரு வகை. அவனுக்கு விளையாட்டுகளை யாரும் தொடக்கூடாது. நண்பன் ஒருவன் சொல்லிக் கொடுத்தபடி அனுமதிப் பட்டியலில் எவ்ரிஒன் என்ற பெயரைச் சேர்த்து, அதற்கு எதிரே டினை என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டான். மற்ற எல்லாரையும் தடுக்கிறோம் என்பது அவன் கணக்கு. அந்த எல்லாரில் அவனும் அடக்கம். அனுமதிக்கும் மறுப்புக்கும் போட்டி வந்தால், நேரடியாகப் போடப்பட்ட மறுப்பே வெல்லும் என்பது விண்டோஸின் விதி. தன் ஃபோல்டர் தனக்கே திறக்காமல் அழாத குறையாக நின்றான். அன்றுதான் நான் ஒன்றைக் கற்றுக்கொண்டேன்: உரிமை வேறு, அனுமதி வேறு. ஃபோல்டரைத் திறக்க அவனுக்கு அனுமதி இல்லைதான். ஆனால் அதன் உரிமையாளர் அவன். உள்ளே போக முடியாவிட்டாலும் அனுமதிப் பட்டியலைத் திருத்தும் அதிகாரம் உரிமையாளரிடமிருந்து போகவே போகாது. டினை குறியை எடுத்ததும் திறந்துகொண்டது.

வீட்டுக் கணினியில் வரும் முக்கால்வாசிச் சிக்கலுக்கு இந்த ஒரு விஷயமே திறவுகோல் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். ஃபோல்டர் திறக்கவில்லை என்றால் முதலில் அனுமதியைத் தோண்டக்கூடாது. உரிமையாளர் யார் என்று பார்க்க வேண்டும்.

அப்பாவின் ஃபோல்டரிலும் சிக்கல் உரிமையாளரில்தான் வந்தது. 2005 கடைசியில் இந்தோனேசியாவிலிருந்து கிளம்பிய புரொண்டோக் என்ற வைரஸ், பென்டிரைவ் வழியாக மலேசியாவில் எங்கும் பரவியது. ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் என்ற மெனுவை மறைத்துவிடும், ரெஜிஸ்ட்ரியைத் திறக்கவிடாது, சில நிரல்களைத் திறந்த மாத்திரத்தில் கணினியை மறுதொடக்கம் செய்துவிடும். எங்கள் கணினியிலும் புகுந்தது. கடையொன்றில் கொடுத்தோம். பழைய விண்டோஸின் மேலேயே புதிய விண்டோஸைப் போட்டு, ஐந்து பெயர்களையும் மறுபடி உருவாக்கித் திருப்பிக் கொடுத்தார்கள். கோப்புகள் எதையும் அழிக்கவில்லை என்று சொன்னார்கள். அது உண்மைதான்.

வீட்டுக்கு வந்து அப்பா தன் படத்தைச் சொடுக்கினார். மேசைத்திரை வெறுமையாக இருந்தது. சி டிரைவுக்குள் போய்ப் பார்த்தால் அப்பா பெயரில் இரண்டு ஃபோல்டர். ஒன்று புதிது, பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் கணினியின் பெயரும் ஒட்டியிருந்தது. இன்னொன்று பழையது. பழையதைச் சொடுக்கினால், ஆக்சஸ் இஸ் டினைட்.

"என் பேருதானேடா போட்டிருக்கு? என்னையே உள்ள விடமாட்டேங்குதே, என்னா இது?" என்றார் அப்பா.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பதில் இதுதான்: விண்டோஸ் பெயரை நம்புவதில்லை. ஒவ்வொரு கணக்கை உருவாக்கும்போதும் அதற்கு ஒரு நீண்ட எண்ணைக் கொடுக்கிறது. எஸ்-1-5-21 என்று தொடங்கி, கணினிக்குக் கணினி மாறும் நீண்ட எண்வரிசை நடுவில் வந்து, கடைசியில் அந்த ஆளுக்கு உரிய சிறிய எண்ணில் முடியும். ஃபோல்டரில் எழுதியிருப்பது அந்த எண்தான். விண்டோஸை மறுபடி போடும்போது நடுவிலுள்ள எண்வரிசை மாறிவிடும். பெயர் அதே பெயர், படம் அதே சதுரங்கக் காய், கடவுச்சொல்கூட அதே கடவுச்சொல். கணினிக்கு மட்டும் இவர் வேறு ஆள். பழைய ஃபோல்டர், இனி பிறக்கவே முடியாத ஓர் எண்ணுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

சரிசெய்த அந்த இரவை விவரமாகவே சொல்கிறேன், இன்றும் யாருக்காவது பழைய கணினியில் தேவைப்படலாம். எக்ஸ்பியின் வீட்டுப் பதிப்பில் அனுமதிகளைக் காட்டும் செக்யூரிட்டி என்ற தாவல் சாதாரணமாகக் கண்ணில் படாது. கணினி தொடங்கும்போது எஃப்8 பொத்தானை அழுத்திப் பாதுகாப்பு நிலையில், அதாவது சேஃப் மோடில், நுழைய வேண்டும். தம்பிக்கு நண்பன் சொல்லிக் கொடுத்ததும் இந்த வழிதான். அங்கே அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற ஆறாவது பெயர் ஒன்று தோன்றும். பெரும்பாலான வீடுகளில் அதற்குக் கடவுச்சொல்லே இருக்காது. திரை கறுத்து, நான்கு மூலையிலும் சேஃப் மோட் என்று எழுதியிருக்க, எழுத்தெல்லாம் பெரிது பெரிதாகத் தெரியும். ஃபோல்டரை வலப்பக்கப் பொத்தானால் சொடுக்கி, ப்ராப்பர்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட், ஓனர் என்று உள்ளே உள்ளே போனோம். உரிமையாளர் இடத்தில் பெயர் இல்லை. அந்த நீண்ட எண் மட்டும் இருந்தது.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் தாளில் எழுதிக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். "பழைய நம்பர் இல்லாம புது நம்பர் போடக்கூடாது. செக்ரோல்ல அப்படித்தான்" என்றார்.

புதிய உரிமையாளராக அட்மினிஸ்ட்ரேட்டரைத் தேர்ந்து, உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்கும் இதையே பொருத்து என்ற கட்டத்தில் குறி போட்டோம். அந்தக் குறியை மறப்பவர்கள் நிறையப் பேர். மறந்தால் வெளிக்கதவு திறக்கும், உள்ளறைகள் பூட்டியே கிடக்கும். பிறகு அந்தப் பெட்டியை ஒருமுறை மூடித் திறந்து, அப்பாவின் புதிய கணக்கைச் சேர்த்து முழு அனுமதி கொடுத்தோம். கோப்புப் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையின் குறுக்கே ஓடின. சாதாரண நிலைக்குத் திரும்பியதும் பட்டியல் திறந்தது.

திறந்ததே ஒழியப் படிக்க முடியவில்லை. திரை முழுக்க மேலே புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளும் குறியீடுகளுமாக இருந்தன. பட்டியல் திஸ்கி குறியாக்கத்தில் தட்டியது. அதற்கான எழுத்துரு பழைய விண்டோஸோடு போய்விட்டது. எழுத்துருவை நிறுவ அப்பாவின் கணக்குக்கு அனுமதி இல்லை, மறுபடி அட்மினிஸ்ட்ரேட்டர் வேண்டும். அதையும் செய்தோம். முதல் லயம், முதல் கதவு, முதல் குடும்பத்தின் பெயர் தமிழில் வந்து நின்றது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அவங்க மூத்த பொண்ணு பேர விட்டுட்டீங்களே" என்றார்.

மறுநாள் அப்பா ஒரு முடிவு எடுத்தார். பட்டியலைத் தன் பெயரிலிருந்து எடுத்து, ஷேர்ட் டாக்குமெண்ட்ஸ் என்ற பொது ஃபோல்டரில் வைக்கச் சொன்னார். தோட்டத்து ஆபீஸில் செக்ரோல் இரும்பு அலமாரியில் இருக்கும், சாவி மேலே இருப்பவர்களிடம் இருக்கும். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து நின்ற ஆளுக்குத் தன் பெயருக்கு நேரே எத்தனை நாள் எழுதியிருக்கிறது என்று பார்க்க உரிமை இல்லாத காலம் ஒன்று இருந்தது. அந்த அலமாரிக்குள் வேலை செய்தவர் அப்பா. "இது அவங்க பேரு. பூட்டி வைக்க நான் யாரு?" என்றார்.

அக்காவுக்கு வேறு கருத்து. அவள் அப்போது தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். 1972-இல் பாயான் லெப்பாஸில் தொடங்கிய மின்னணுத் தொழில் கடலைத் தாண்டிப் பிறைக்கும், பிறகு பத்து காவானுக்கும் வந்து, எங்கள் பக்கத்துப் பெண்கள் பாதிப்பேரைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனது. "என் பேட்ஜுக்கு என் லைன் கதவு மட்டும்தான் தொறக்கும். சூப்பர்வைசருக்கு ரெண்டு கதவு கூடத் தொறக்கும். அது யாரையும் அவமானப்படுத்த இல்லப்பா. தெரியாம யாரும் எதையும் கெடுத்துடக்கூடாதுன்னுதான்" என்றாள். இன்றுவரை கணினி அனுமதிக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை. இருவரும் பேசிக்கொண்டதில் ஒரு வழி பிறந்தது: எல்லாரும் படிக்கலாம், எழுதவும் திருத்தவும் அப்பாவும் அக்காவும் மட்டும். வீட்டுக் கணினிக்கு எழுதப்பட்ட மிகச் சரியான அனுமதிப் பட்டியல் அது.

இதற்கு நேர்மாறான வைத்தியமும் உண்டு. சி டிரைவ் முழுவதற்கும் எவ்ரிஒன் என்று போட்டு முழு அனுமதி கொடுத்துவிடு, தொல்லை விட்டது என்பார்கள். 2007-இல் விஸ்டா வந்தபோது அனுமதி கேட்கும் பெட்டி அடிக்கடி வருகிறது என்று அதை அணைத்துப் போட்டவர்கள் ஏராளம். விண்டோஸின் சொந்த ஃபோல்டர்களையே தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு, பிறகு புதுப்பிப்பு வேலை செய்யவில்லை என்று வந்து நிற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இது தவறு என்று தயக்கமின்றிச் சொல்வேன். எல்லாருக்கும் முழு அனுமதி என்றால் வைரஸுக்கும் முழு அனுமதி. விஸ்டாவிலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும், மறைத்து வைத்த கோப்புகளையும் காட்டச் செய்தால், டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ் என்று ஒன்று தெரியும், சொடுக்கினால் திறக்காது. அது ஃபோல்டரே இல்லை, பழைய நிரல்களுக்காக வைத்த வழிகாட்டிப் பலகை. அதை அப்படியே விட்டுவிட வேண்டும்.

சொந்தக் கோப்புகளுக்கு மட்டும் கை வைத்தால் போதும். இன்றைய கணினிகளில் டேக்ஓன் என்ற கட்டளை உரிமையை மாற்றும், ஐக்ஆக்ல்ஸ் என்ற கட்டளை அனுமதியைத் திருத்தும். முதலில் உரிமை, பிறகு அனுமதி. வரிசையை மாற்றினால் வேலைக்காகாது. இன்னொன்றும் தெரிந்திருந்தால் பாதித் தொல்லை வராது. ஒரே டிரைவுக்குள் ஒரு கோப்பை இழுத்துப் போட்டு இடம் மாற்றினால் அது பெரும்பாலும் தன் பழைய அனுமதியையும் தூக்கிக்கொண்டு போகும். நகல் எடுத்துப் போட்டால் புதிய இடத்தின் அனுமதியை ஏற்றுக்கொள்ளும். பொது ஃபோல்டரில் போட்ட படம் வீட்டில் மற்றவர்களுக்குத் திறக்கவில்லை என்றால் காரணம் அநேகமாக இதுதான்.

அது அன்று. இன்று எங்கள் வீட்டில் பொதுக் கணினி கிடையாது. ஆளுக்கொரு கைப்பேசி, ஆளுக்கொரு மடிக்கணினி. பத்து காவானில் நினைவகச் சில்லுகளும் சேமிப்பகங்களும் தயாராகின்றன. மைக்ரானும் சன்டிஸ்க்கும் அங்கேதான் இருக்கின்றன. அந்தச் சேமிப்பகங்களில் உலகம் தன் படங்களையும் கணக்குகளையும் நிரப்பி வைக்கிறது. இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அன்று ஃபோல்டர் பூட்டிக்கொண்டால் சேஃப் மோட் இருந்தது. அதுவும் முடியாவிட்டால் வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி உரிமையை எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் இருக்கும் யாரோ ஒருவர் எப்படியும் திறந்துவிடுவார். இன்று நிலைமை அப்படியில்லை.

நிபோங் திபாலில் மாமா ஒருவர் இறந்துபோனார். அவருடைய மடிக்கணினி ஒரு நாள் உயிர்விட்டது. உள்ளே இருந்த சேமிப்பகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை எடுத்து இன்னொரு கணினியில் மாட்டினேன். அனுமதி மறுக்கப்பட்டது என்று வரவில்லை. 48 இலக்க மீட்பெண் ஒன்றைக் கேட்டது. இப்போதைய கணினிகளில் பல சேமிப்பகத்தையே மறைகுறியாக்கி வைத்துவிடுகின்றன. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் தானாகவே அது நடக்கும். அந்த எண் மாமாவின் கணக்கில் இருக்கிறது. கணக்கின் கடவுச்சொல் மாமாவுக்கு மட்டும் தெரியும். மறந்துவிட்டது என்று அழுத்தினால் குறுஞ்செய்தி மாமாவின் கைப்பேசி எண்ணுக்குப் போகும். அந்த எண் காலாவதியாகிவிட்டது. பேரப்பிள்ளையின் காதுகுத்துப் படங்களெல்லாம் உள்ளே இருக்கின்றன. அத்தை, "உன்னால முடியாதாய்யா?" என்று கேட்டார். முடியாது. என்னால் மட்டுமல்ல, யாராலும் முடியாது. திருடன் கையில் சிக்கினால் எப்படிக் காக்க வேண்டுமோ அப்படியே அது காக்கிறது. உரிமையை மாற்றலாம், அனுமதியைத் திருத்தலாம். மறைகுறியாக்கத்துக்குச் சாவி ஒன்றுதான்.

அப்பாவும் இப்போது இல்லை. ஆனால் அவர் பட்டியல் இருக்கிறது. திஸ்கியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றி, எல்லாரும் படிக்கும்படி வைத்திருக்கிறோம். திருத்தும் அனுமதி அக்காவிடமும் என்னிடமும். அம்மா சொன்ன அந்த மூத்த பெண்ணின் பெயரும் சேர்ந்துவிட்டது. அந்தக் குடும்பத்தின் பேத்தி ஒருத்தி போன ஆண்டு எங்களைத் தேடி வந்து, தன் தாத்தா இருந்த லயத்தின் எண்ணை எழுதிக்கொண்டு போனாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது ஒன்று, ஒருவர் பெயரில் மட்டும் இருக்கும். குலதெய்வக் கோயில் கணக்கோ, சீட்டுக் கணக்கோ, கல்யாணப் படங்களோ. அதைத் தனிக் கணக்கிலிருந்து எடுத்துப் பொது ஃபோல்டரில் நகல் போட்டு வையுங்கள். கணினியில் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுள்ள இரண்டாவது கணக்கு ஒன்றை நம்பிக்கையான இன்னொருவர் பெயரில் உருவாக்குங்கள். கூகுளில் நம் கணக்கு நெடுநாள் செயல்படாமல் போனால் யாரிடம் சேரவேண்டும் என்று குறிப்பிட 2013-லிருந்தே வசதி இருக்கிறது. ஆப்பிளில் மரபுத் தொடர்பாளர் என்று ஒருவரை நியமிக்க 2021 டிசம்பரிலிருந்து வழி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால், மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய் அந்த 48 இலக்க எண்ணைப் பார்த்து, ஒரு தாளில் கையால் எழுதி, வீட்டு நில உரிமைப் பத்திரமான கிரானும் பிறப்புப் பத்திரமும் வைத்திருக்கும் அதே உறையில் போடுங்கள். உறை எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே, அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இந்த வாரமே செய்துவிடுங்கள்.